மஞ்சள் விலையைத் தமிழில் அனுப்பினால் மூன்று மடங்குக் கட்டணம்: காரணம் என்ன, வழி என்ன?

கேள்வி: மஞ்சள்காடு

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் 412 உறுப்பினர்கள். பெரும்பாலோர் இரண்டு மூன்று ஏக்கரில் மஞ்சள் போடுகிறவர்கள். ஏலம் நடக்கும் நாள்களில் அன்றைய விலையை மாலைக்குள் எல்லாருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்புவது என்று கடந்த தை மாதத்தில் முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் வாட்ஸ்அப் குழு எங்களுக்குப் போதவில்லை.

நான் அனுப்பிவந்த செய்தி இப்படி இருக்கும் (விலைகள் மாதிரிக்காக மட்டும்):

“வணக்கம். இன்று ஈரோடு ஏலத்தில் விரலி மஞ்சள் குவிண்டாலுக்கு அதிகபட்சம் ரூ. 13,250, குறைந்தபட்சம் ரூ. 9,400. கிழங்கு மஞ்சள் அதிகபட்சம் ரூ. 12,100, குறைந்தபட்சம் ரூ. 8,900.”

முதல் மாதத்துக் கட்டணச் சீட்டைப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 412 பேருக்கு அனுப்பியதை 1,236 செய்திகள் என்று கணக்கிட்டிருந்தார்கள். செய்தி அனுப்பிக் கொடுக்கும் நிறுவனத்தை விசாரித்ததில், தமிழில் அனுப்பினால் அப்படித்தான் வரும், ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதி எனக்கே ஒரு முறை அனுப்பிப் பார்த்தேன். அது ஒரே செய்தியாகத்தான் கணக்கில் ஏறியது.

இந்தச் செலவைக் கண்டு இயக்குநர் கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்துக்கே மாறிவிடலாம் என்றார். இன்னொருவர் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பலாம் என்றார். மூன்றாமவரோ, விலையைத் தெரிந்துகொண்டு மட்டும் என்ன ஆகப்போகிறது, நாம் கடன் வாங்கியிருக்கும் மண்டிக்குத்தானே மூட்டை போகப்போகிறது என்று கேட்டார். என் மாமியார் பெயரிலும் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் இருக்கிறது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் அறியார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாட்டையே தொடங்கினோம் என்பதால், ஆங்கிலத்துக்கு மாறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒரே சேதிக்குத் தமிழில் கூடுதல் கட்டணம் ஏன் என்பதையும், அதைக் குறைக்க நேர்மையான வழி உண்டா என்பதையும், அந்த மூன்றாவது இயக்குநரின் கேள்விக்கு என்ன பதில் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: எழுத்துருக்காரன்

அம்மா, தொலைபேசி நிறுவனங்களின் செய்திப் பரிமாற்ற மென்பொருளில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு சரியானதுதான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொள்ளும் ஒரு சிறு பெட்டி. பிட் என்பது கணினிக் கணக்கின் மிகச் சிறிய அலகு; ஒரு பைட்டுக்கு 8 பிட். பிட்டில் சொன்னால் 1,120. 1980-களில் ஐரோப்பாவில் ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரத்தை வகுத்தவர்கள் ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்துக்கொண்டார்கள். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160 வருகிறது. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1985-இல் தம் தட்டச்சுப்பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, ஒரு சேதி சொல்ல 160 எழுத்து போதும் என்ற முடிவுக்கு வந்தார். போதும்தான், அவர் எழுதிய எழுத்தில் எழுதுவோருக்கு.

7 பிட் என்றால் 128 இடங்கள். அந்த இடங்களில் ஆங்கில எழுத்துகளும், எண்களும், ஜெர்மன், ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கு வேண்டிய எழுத்துகளும், சில கிரேக்கப் பேரெழுத்துகளும் உட்கார்ந்துகொண்டன. பவுண்டுக்கும் யென்னுக்கும் டாலருக்கும் அங்கே இடம் உண்டு. இந்திய எழுத்து எதற்கும் இல்லை. அட்டவணையில் இல்லாத ஒரே ஒரு குறி செய்தியில் வந்துவிட்டாலும், முழுச் செய்தியும் குறிக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறிவிடும். அப்போது 160 என்பது 70 ஆகச் சுருங்குகிறது. 70-ஐத் தாண்டினால் துண்டுகளாக உடைத்து அனுப்ப வேண்டும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் போவதால், துண்டுக்கு 67 இடமே மிஞ்சும். 2010-இல் நம் அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறியீடுகூட அந்தப் பழைய அட்டவணையில் கிடையாது; முழுக்க ஆங்கிலத்தில் உள்ள செய்தியில் அந்த ஒரு குறியைச் சேர்த்தாலும் 160 இடம் 70 ஆகிவிடும். குறுஞ்செய்தியில் பணத்தை எழுதுகிறவர்கள் அந்தக் குறியைத் தவிர்த்து ஆங்கில எழுத்துகளிலேயே எழுதுவது இந்தக் கணக்கோடு பொருந்திப்போகிறது.

இனி, நாம் எழுத்து என்று எண்ணுவதும் கருவி எண்ணுவதும் ஒன்றல்ல. ‘மஞ்சள்’ நமக்கு நான்கெழுத்துச் சொல். கருவிக்கு ம, ஞ, புள்ளி, ச, ள, புள்ளி என்று ஆறு. ‘குறைந்தபட்சம்’ நமக்கு எட்டு, கருவிக்குப் பதின்மூன்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுத் தரமாகிய யூனிகோடில் 1991-இல் தமிழ் இடம்பெற்றபோது, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருந்த இஸ்கி முறையைப் பின்பற்றி, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல், அகரம் ஏறிய எழுத்தோடு உயிர்க்குறியையோ புள்ளியையோ சேர்த்து எழுதும் முறையை ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16 (TACE16) என்ற முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. ஆனால் அது யூனிகோடில் அவரவர் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விட்டிருக்கும் தனிப்பயன் பகுதியில் நிற்பதால், சந்தையில் விற்கும் கைபேசி அதை அறியாது. உங்கள் செய்தியை நான் கருவியின் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்: 168. இரண்டு துண்டுக்கு 134 இடம்தான், ஆகவே மூன்று.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே செய்தியாகிவிடும் என்று உங்கள் இயக்குநர் நினைப்பது சரியல்ல. அப்படியும் எழுதி எண்ணினேன், 179 வந்தது. 160-ஐத் தாண்டுவதால் இரண்டு செய்திக்குக் கட்டணம் உண்டு. அதோடு, உங்கள் மாமியாரால் வாசிக்கவும் முடியாது.

இதற்கு ஒரு தீர்வு ஏட்டில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனி 7 பிட் அட்டவணையை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2008-இல் துருக்கிய மொழிக்கு முதலில் வந்தது. அடுத்துத் தமிழ் உள்பட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் அதே தரத்தில் அட்டவணை எழுதப்பட்டது. அதன்படி அனுப்பினால் ஒரு செய்தியில் ஏறத்தாழ 155 இடம் கிடைக்கும். நீங்கள் மூன்றுக்குப் பதில் இரண்டுக்குக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். ஆனால் அனுப்பும் மென்பொருளும், நடுவிலுள்ள வலைப்பின்னலும், பெறும் கைபேசியும் மூன்றும் அதை அறிந்திருந்தால்தான் அது பயன்படும். கைபேசி செய்கிறவர் வலைப்பின்னல் மாறட்டும் என்று காத்திருக்க, வலைப்பின்னல் நடத்துகிறவர் கைபேசிகள் மாறட்டும் என்று காத்திருக்க, நம் நாட்டில் அது பரவவேயில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் மனம் வருந்திய விஷயங்களில் இது ஒன்று.

ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்தியாவில் விற்கும் கைபேசிகள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரும் செய்தியைக் காட்ட வேண்டும் என்று ஐஎஸ் 16333 என்ற இந்தியத் தரத்தின் கீழ் 2016-இல் அரசு ஆணையிட்டது. அதற்கு முந்திய பட்டன் போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். அப்படி எத்தனை உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி: பவானிக்கரை

முப்பது ஆண்டுகள் மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். பிட், பைட் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்தம்மா அனுப்பும் செய்தியைப் படித்ததும், மண்டியில் இப்படி யார் பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ‘அதிகபட்சம்’, ‘குறைந்தபட்சம்’ என்பவை அரசாங்கக் கடிதத்தின் சொற்கள். ஏலம் முடிந்ததும் கரும்பலகையில் ‘விரலி’ என்று எழுதி, கீழ் விலை ஒரு பக்கம், மேல் விலை ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு போடுவோம். மஞ்சள் மண்டியில் விரலி என்றால் மஞ்சள்தான், கிழங்கு என்றாலும் மஞ்சள்தான். விலை என்றால் குவிண்டாலுக்குத்தான். காட்டுக்காரர் யாரும் வேறு விதமாகப் புரிந்துகொள்ள மாட்டார்.

ஆகவே, செய்தியை இப்படி எழுதினால் என்ன?

“ஈரோடு ஏலம் விரலி 9400-13250 கிழங்கு 8900-12100”

வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கப் போவதில்லை. அந்த மரியாதையை ஆண்டுக் கூட்டத்தில் நேரில் செய்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சந்தையில் விலையைச் சொல்லும் மொழிக்கும், விலையை மறைக்கும் மொழிக்கும் வேறுபாடு உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவரும் தரகரும் மட்டும் அறிந்த பேச்சு அது, பக்கத்தில் நிற்கும் அடுத்த மாட்டுக்காரருக்கு அந்த விலை தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மறைமுக ஏலம் நடத்தி, முடிவை எல்லாருக்கும் தெரியும்படி எழுதிப் போடுவதற்குக் காரணமே, அந்தத் துண்டை விலக்குவதுதான். ஊரில் இருப்பவருக்கு அவர் வாசிக்க முடியாத எழுத்தில் விலையை அனுப்பினால், விலக்கிய துண்டை மறுபடியும் போர்த்தியது போலாகும் என்பது என் எண்ணம்.

விலையோடு வரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இன்றைக்கு எத்தனை மூட்டை வந்தது என்று தெரியாமல் விலையை மட்டும் பார்ப்பவர் பாதி சேதிதான் பார்க்கிறார். குறைந்த வரத்தில் ஏறிய விலையும், நிறைந்த வரத்திலும் நின்ற விலையும் காட்டுக்காரருக்கு வேறு வேறு செய்தி சொல்கின்றன.

மறுமொழி: ஏர்முனை

பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியன் நான். மூன்றாவது இயக்குநர் கேட்ட கேள்வியை இங்கு யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்த இழையில் மிகவும் கடினமான கேள்வி அதுதான்.

விலைச் செய்தி பயன் தரும் என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது வட கேரளக் கடற்கரையை. 1997-க்கும் 2001-க்கும் இடையில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் கைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் அந்த ஆண்டுகளில் மத்தி மீன் சந்தைகளின் விலையைத் தொடர்ந்து குறித்துவைத்து, 2007-இல் ஆய்வாக வெளியிட்டார். கைபேசி வருவதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவதும், 15 கிலோமீட்டருக்குள் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிப் போவதும் ஒரே காலைப் பொழுதில் நடந்தன. பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடு இப்படி வீணானது. படகிலிருந்தே பேசி எந்தக் கரைக்குப் போகலாம் என்று முடிவு செய்யத் தொடங்கியதும் அந்த வீண் ஏறத்தாழ மறைந்தது. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. இரு தரப்புக்கும் ஒரே வேளையில் நன்மை கிடைத்ததால்தான் இந்த ஆய்வு அவ்வளவு புகழ் பெற்றது.

இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் உங்களுக்கு உண்மையைச் சொன்னவன் ஆக மாட்டேன். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் உழவர்களின் கைபேசிக்கு விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக அனுப்பிய ஒரு சேவையை ஃபாஃப்ஷாம்ப்ஸ், மின்டன் என்னும் இருவர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த சராசரி விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பின்னாளில் கேரளக் கடற்கரைக்கே திரும்பப் போன வேறு ஆய்வாளர்களும், தரகரிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் எந்தக் கரையில் விலை கூடுதல் என்று அறிந்தாலும் அங்கே போய் விற்க முடிவதில்லை என்பதைக் கண்டு எழுதினார்கள். உங்கள் இயக்குநர் சொன்னது இதைத்தான்.

மூன்றாவதாக மத்தியப் பிரதேசம். அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் ஐடிசி நிறுவனம் இ-சௌபால் என்ற பெயரில் ஊர்களில் கணினி மையங்களை வைத்து, மண்டி விலையைக் காட்டியதோடு, சோயாவைத் தானே நேரடியாக வாங்கவும் செய்தது. அந்த மாவட்டங்களின் மண்டிகளில் சோயா விலை 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்ததாக அபராஜிதா கோயலின் 2010 ஆய்வு காட்டுகிறது. விலை ஏறியதற்கு அறிவிப்புப் பலகை மட்டும் காரணமன்று. மண்டியை விட்டால் விற்க இன்னோர் இடம் இருந்ததும் காரணம்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று: விலையை அறிந்தவரிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் வலுவும் இருந்தால்தான் அந்த அறிவு காசாக மாறும். மத்தி மீன் மாலைக்குள் கெட்டுவிடும். அதனால் மீனவருக்கு வேண்டியது இன்னொரு கரை. வேக வைத்துக் காய வைத்து மெருகேற்றிய மஞ்சளோ, ஈரமும் பூச்சியும் அண்டாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். உங்கள் உறுப்பினருக்கு வேண்டியது இன்னொரு நாள். அந்த நாளை அவருக்கு வாங்கித் தருவது கிடங்கும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து அதன் பேரில் பெறும் பொருளீட்டுக் கடனும்தான். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய உறுப்பினருக்கு உங்கள் செய்தி மட்டும் அதிகம் உதவாது. அவர் அந்த முன்பணத்தை அடைக்கும் வகையில் உங்கள் நிறுவனம் பொருளீட்டுக் கடனுக்கு வழிகாட்டினால், அதே செய்தி அவருக்கும் பயன்படத் தொடங்கும். ஆகவே செய்தியை நிறுத்தாதீர்கள். செய்தியோடு நின்றுவிடவும் செய்யாதீர்கள்.

எழுத்துருக்காரன் ஐயா சொன்ன அட்டவணையைப் பற்றி ஒரு சொல். எல்லாரும் மாறினால் எல்லாருக்கும் நன்மை, ஒருவர் மட்டும் மாறினால் அவருக்கு நட்டம் என்ற நிலையில், சந்தை தானாக மாறும் என்று காத்திருப்பது வீண். அந்த இடத்தில் மாறும் நாளைக் குறித்துக் கொடுப்பது அரசின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி: பேரேடு

வங்கிக் கிளை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏர்முனை ஐயா பொருளீட்டுக் கடன் பற்றிச் சொன்னதால், உங்கள் உறுப்பினர்களுக்கு உரிமையாக உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ தனிக்கடன் வாங்கினால், 1-10-2024 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்லி அவரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தாளை நீட்டும் வழக்கத்தை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்தக் குறிக்கு மேலே இருந்ததை எதிரில் உட்கார்ந்தவர் வாசிக்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் அப்படித் தாளை நீட்டியவன்தான், இன்று அதை எண்ணி வருந்துகிறேன்.

விதி இருக்கும் இடத்தில் மொழி வருகிறது, இல்லாத இடத்தில் வருவதில்லை. பூச்சிமருந்தோடு வைக்கும் விளக்கத் தாளை இந்தி, ஆங்கிலத்தோடு விற்கும் பகுதியின் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதனால்தான், பொடி எழுத்திலாவது, தமிழ் அதில் இருக்கிறது. பொட்டலப் பொருள்களின் எடை, விலை முதலியவற்றுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளோ இந்தி அல்லது ஆங்கிலம் போதும், பிற மொழி விருப்பம் என்கின்றன. கடையில் நூறு கிராம் மஞ்சள்தூள் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளைவித்தவர் வாசிக்கும் மொழியில் அதன் எடையும் விலையும் இருக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.

மறுமொழி: சொற்பகுப்பு

கணினியில் தமிழை வாசிக்கவும் பேசவும் வைக்கும் பணியில் இருக்கிறேன். எழுத்துருக்காரன் ஐயா சொன்ன கதை இப்போது செயற்கை நுண்ணறிவிலும் திரும்ப நடக்கிறது என்பதால் எழுதுகிறேன். எழுத்துகளைச் சேமிக்க இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ‘மஞ்சள்’ 18 பைட், அதற்குரிய ஆங்கிலச் சொல் 8 பைட். எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களான மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டுகளாக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலமே மிகுந்த எழுத்துக் குவியலைக் கொண்டு அந்தத் துண்டுகளை வகுத்தால், ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டு துண்டாகவும் தமிழ்ச் சொல் பல துண்டாகவும் சிதறும், கட்டணமோ துண்டுக்கு இவ்வளவு என்று வரும். புதிய மாதிரிகளில் இந்த வேறுபாடு குறைந்து வருகிறது. தமிழ் எழுத்தைப் போதிய அளவு சேர்த்துத் துண்டுகளை வகுத்தாலே குறையும் என்பதற்கு அதுவே சான்று. எனவே செலவு தமிழின் இயல்பிலிருந்து வருவதாக யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வாசிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு, உங்கள் குரலிலேயே விலையைப் பதிவு செய்து அழைப்பாக அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அழைப்பு வரும்போது கைபேசி வீட்டில் இருக்கும், ஆள் காட்டில் இருப்பார். செய்தி என்றால் இரவு வந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்: மஞ்சள்காடு

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், புதிய வாசகத்துக்கு மறுபடியும் ஒப்புதல் வாங்க நாளாகிவிட்டது.

பவானிக்கரை ஐயா எழுதிக் கொடுத்த வாசகத்தை எண்ணினேன்: 46. அதோடு ‘வரத்து 3200 மூட்டை’ என்று சேர்த்தால் 65. கீழ் விலைகள் இரண்டும் ஐந்து இலக்கமாகி, வரத்தும் ஐந்து இலக்கமானாலும் 68-இல் நிற்கிறது. இப்போது 412 பேருக்கு அனுப்பினால் 412-க்குத்தான் கட்டணம். பழைய கைபேசியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று 23 பேர் சொன்னார்கள். அவர்களுக்கு மட்டும் குரல் அழைப்பு வைத்திருக்கிறோம். பொருளீட்டுக் கடனைப் பற்றி அடுத்த இயக்குநர் கூட்டத்தில் பேசுவதற்கு, அந்த மூன்றாவது இயக்குநரே பொறுப்பேற்றிருக்கிறார்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. நேற்று என் மாமியார் செய்தியை வாசித்துவிட்டு, இது பழைய மஞ்சள் விலையா, புது மஞ்சள் விலையா என்று கேட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் ஓர் இடம் விட்டுப் பழையதற்கு ‘ப’ என்று போட்டால், எல்லா எண்ணும் ஐந்து இலக்கமாகும் நாளிலும் சரியாக 70-இல் நிற்கிறது. புதியதற்கு ‘பு’ என்று போட்டால் 71 ஆகி, இரண்டு செய்தியாகிவிடுகிறது. எங்கே ஓர் இடத்தை மிச்சப்படுத்தலாம்?

மறுமொழி: பவானிக்கரை

‘மூட்டை’ என்பதை எடுத்துவிடுங்கள் அம்மா. வரத்து என்று எழுதி எண்ணைப் போட்டால் அது மூட்டைக் கணக்குதான் என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். மிச்சமாகும் இடத்தில் ‘புது’ என்று முழுதாகவே எழுதலாம்.